ஒரு சுண்டு தவிடு

மிஷன் வளவு, மதுரைக்கு மேற்கே
12-11-1961

அன்புள்ள மச்சாள்,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். இந்தக் கடிதத்தைப் போன கிழமையே எழுதியிருக்க வேண்டும். பேனையை எடுத்தால், கிளிநொச்சி ஸ்டேசனில் நீங்கள் சொன்னதுதான் முதலில் வந்து நிற்கிறது. “பெத்த பிள்ளையை விட்டிட்டு ஊர்ப் பிள்ளையளைப் பாக்கப் படிக்கப் போறா.” எனக்குச் சொல்லவில்லை, வீரகத்தி அண்ணைக்குச் சொன்னீர்கள். ஆனால் எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னீர்கள். கேட்டது. ரயில் மாங்குளம் தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஏன் வந்தேன் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. போன வருசம் களை பிடுங்கிற நாளில் இராசேஸ்வரியின் மகன் வாய்க்காலில் மூழ்கிப் போனபோது, அவனைத் தூக்கி வரம்பில் கிடத்தியது நீங்கள். மரத்தில் சேலையால் ஏணையைக் கட்டிவிட்டுத் தாய்மார் வயலுக்குள் இறங்கினால், ஏணையை விட்டு இறங்கத் தெரிந்த பிள்ளையை யார் பார்ப்பது என்று அன்றைக்குக் கேட்டதும் நீங்கள்தான். கொலனியில் பகலில் பிள்ளைகளைப் பார்க்க ஓர் இடம் தொடங்கலாம், அதற்கு ஒருவர் இந்தியாவில் ஒரு தவணை படித்துவர வேண்டும் என்று போதகர் சபையில் சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்லூரியில் படித்தவள், முன்பு படிப்பித்தவள். மடியில் ஒன்றரை வயதுக் கிருபா இருப்பதை யாரும் பார்க்கவில்லை. நானும் அன்றைக்குப் பார்க்கவில்லைப்போல.

கப்பலில் யாருடைய பிள்ளையோ அழுதது. பால் மறக்கடித்து ஒரு மாதம் ஆகிறது, ஆனாலும் என் சட்டை நனைந்துவிட்டது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தனுஷ்கோடி வரும்வரை கடலைப் பார்த்தபடி இருந்தேன்.

கிருபாவுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். மாரி தொடங்கிவிட்டது, காதை மூடிக் குல்லா போடுங்கள். வாய்க்கால் பக்கப் படலையைக் கயிற்றால் கட்டிவையுங்கள். விளாம்பழம் கொடுக்க வேண்டாம், விதை தொண்டையில் சிக்கும். கொதித்த தண்ணீரைப் பித்தளைச் செம்பில் வைக்க வேண்டாம். உங்கள் தம்பி பின்னேரம் வேலை விட்டுக் குவாட்டசிலிருந்து சைக்கிளில் வந்து பார்ப்பார்தானே. அவர் வரும் நாளில் அவள் என்னைக் கேட்கிறாளா என்று எழுதுங்கள். தண்ணீர் கொதித்ததாக இருக்க வேண்டும்.

உங்கள்
நேசமலர்

*

உருத்திரபுரம்
24-11-61
பிள்ளையார் துணை

மலர் அறிவது,

உம்முடைய கடிதத்தைத் தம்பி வாசிச்சுக் காட்டவெண்டு கொண்டு வந்தவர். எனக்கும் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிப்பிச்சவை எண்டு சொல்லிப் பறிச்சு வாசிச்சனான்.

தண்ணி கொதிக்குது. நீர் எழுத முந்தியும் கொதிச்சது. படலைக்குக் கயிறு கட்டியாச்சு, இப்ப எங்கடை மனுசன், உம்முடைய வீரகத்தி அண்ணை, வயலுக்குப் போக அதை அவிழ்க்கேலாமல் வேலிக்கு மேலாலை காலைத் தூக்கிப் போடுறார். வேட்டி கிழிஞ்சது. அந்தப் பழி உமக்கு. விளாம்பழத்தை நீர் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது, ஒரு மாதமாய் நாங்கள் தின்னேல்லை.

பிள்ளை சுகம். முதல் நாலு நாள் படலையடியிலை போய் நிண்டவள். பிறகு நிக்கேல்லை. என்னை “மாம்” எண்டு கூப்பிடுறாள், மாமி முழுக்க வரேல்லை. ஏணைக்குள்ளை காலும் கையும் வெளியிலை நிக்குது, எண்டாலும் அதுக்குள்ளைதான் படுப்பாள். தம்பி வந்தால் சைக்கிள் மணியை அடிச்சுக்கொண்டே இருப்பாள். அவர் உம்மைக் கேக்கிறாளோ எண்டு எழுதச் சொன்னார். பொய் எழுத எனக்கு வராது. கேக்கிறேல்லை. பிள்ளையள் அப்பிடித்தான். அதைப் பெரிசாய் எடுக்காதையும்.

ஸ்டேசனிலை சொன்னதைச் சொன்னனான். திருப்பி எடுக்கமாட்டன். பிள்ளை இல்லாதவள் சொன்னால் அது வேறை மாதிரித்தான் கேக்கும், அதுக்கு நான் என்ன செய்ய. இராசேஸ்வரி களை பிடுங்க வரேல்லை. வரம்பிலை நிண்டு வாய்க்காலைப் பாத்திட்டுத் திரும்பிப் போறாள். நேற்று என்னட்டை வந்து, “மலர் அக்கா படிப்பை முடிச்சுக்கொண்டுதானே வருவா, இடையிலை வந்திடமாட்டா தானே” எண்டு கேட்டவள். நான் என்ன மறுமொழி சொல்லுறது. நீரே சொல்லும்.

கமலாசனி

*

மிஷன் வளவு
18-12-1961

அன்புள்ள மச்சாள்,

அவள் படலையடியில் நின்ற நாலு நாளையும் நான் ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். பிறகு நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மெய்யை எழுதினீர்கள். உங்கள் தம்பி எழுதும் கடிதங்களில் எல்லாம் நன்றாக இருக்கிறது, அதனால் ஒன்றும் தெரிவதில்லை.

இங்கே காலையில் கூலிக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை வளவுக்குள் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். முப்பது பிள்ளைகளுக்கு மேல். கஞ்சி கொடுக்கிறோம், குளிப்பாட்டுகிறோம், மணலில் விளையாட விடுகிறோம். நான் கல்லூரியில் படிப்பித்தபோது மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள். இங்கே முதல் பாடம் தரையில் இருப்பது. பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனியாமல் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்கிறார் எங்களைப் படிப்பிக்கும் மிஸ்ஸியம்மா. அவருக்கு அறுபது வயது, முழங்கால் மடங்காது, ஆனாலும் இருந்துவிடுவார். எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அதற்கும் பிள்ளைகள் சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

ஒரு சிறு பெண் என் மடியை விட்டு இறங்குவதில்லை. தலையை வருடும்போதெல்லாம் கிருபாவிடம் இருந்து எதையோ எடுத்து இவளுக்குக் கொடுக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள்.

என்னோடு படிக்கிறவள் ஒருத்தி, உசிலம்பட்டிப் பக்கம், பெயர் தவிட்டம்மாள். என் கட்டிலுக்கு அடுத்த கட்டில். நான் ஆமாம் என்பதற்கு “ஓம்” என்று சொல்லும்போதெல்லாம், “யாருக்கு மந்திரம் ஓதுறீக?” என்று கேட்பாள்.

கிறிஸ்மசுக்காக மிஸ்ஸியம்மா எங்களைப் படம் எடுத்தார். என்னுடையதை இதோடு வைக்கிறேன். மதுரையில் வாங்கிய கட்டம் போட்ட சேலை. கிருபாவின் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள், கண்ணுக்கு எட்டட்டும். இராசேஸ்வரிக்குச் சொல்லுங்கள், முடித்துக்கொண்டுதான் வருவேன்.

நேசமலர்

*

கிளிநொச்சி, ஆசுப்பத்திரி விறாந்தை
6-1-62

மலர்,

பென்சிலிலை எழுதுறன், மன்னியும். தம்பி அடிச்ச தந்தி கிடைச்சிருக்கும். பயமில்லை எண்டு அடிச்சிருப்பார். பயம்தான். பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல், டொக்டர் தைபோயிட் எண்டுறார். தண்ணி கொதிச்ச தண்ணிதான், நான் சத்தியம் பண்ணுறன். எங்கையிருந்து வந்ததெண்டு தெரியேல்லை. இந்த மாரி வெள்ளத்துக்குப் பிறகு கொலனியிலை இன்னும் ரண்டு பிள்ளையளுக்கு.

டொக்டர் நல்ல மருந்து குடுக்கிறார். இனிப் பொறுத்துப் பாக்கவேணும் எண்டார். உள்ளுக்குத் தாய்மார் மட்டும்தான் கூட இருக்கலாம். “நீங்கள் தாயோ” எண்டு நர்சம்மா கேட்டா. இல்லை, மாமி எண்டன். அப்ப பாக்கிற நேரத்துக்கு மட்டும் வாருங்கோ எண்டு விறாந்தையிலை விட்டிட்டா. அவவிலை பிழையில்லை, அது சட்டம். யன்னலாலை பாத்தால் கட்டில் தெரியுது. நான் யன்னலடியிலைதான் இருக்கிறன்.

இன்னொண்டு சொல்லவேணும். நீர் கோபிப்பீர். கோபியும்.

வண்டிலிலை பிள்ளையைக் கொண்டு வரேக்கை பிள்ளையார் கோயிலடியிலை நிப்பாட்டச் சொன்னன். தம்பி மாட்டேன் எண்டார். “அக்கா, பிள்ளை கொதிக்குது, நீ கோயில் எண்டுறாய்.” ஒரு நிமிசம் எண்டன். எங்கடை ஆக்களிலை பிள்ளை தங்காத நேரம் தவிட்டுக்கு விக்கிறது உமக்குத் தெரியும்தானே. தவிட்டுக்குப் போன பிள்ளை பெறுமதி இல்லாத பிள்ளை, அதை எடுத்துக்கொண்டு போக ஒருத்தருக்கும் மனம் வராது எண்டு. வண்டிலுக்குள்ளை மாட்டுக்கு வைச்ச தவிடு இருந்தது. சுளகிலை பிள்ளையைக் கிடத்தித் தம்பி தந்தார், நான் ஒரு சுண்டு தவிடு குடுத்து வாங்கினன். அவர் அழுதுகொண்டுதான் தந்தவர். பிறகு மாட்டை ஓடவிட்டுக்கொண்டு வந்தம்.

ஆனால் பூசாரியார் சொல்லுறார், தகப்பன் வித்தால் அரைவாசிதானாம். பெத்தவள் தன்ரை வாயாலை வித்தன் எண்டு சொல்லவேணுமாம். நீர் அங்கை. அதாலை ஒரு வரி எழுதி அனுப்பும். “வித்திட்டன்” எண்டு ஒரு வரி. உம்முடைய சாமியை விடச் சொல்லேல்லை. ஒரு வரி.

கமலாசனி

*

மிஷன் வளவு
12-1-1962

மச்சாள்,

கடிதம் இன்றைக்குக் கிடைத்தது. தந்தி வந்த நாளிலிருந்து பெட்டி கட்டிய மாதிரியே கிடக்கிறது. உங்கள் தம்பி வரவேண்டாம் என்கிறார். மிஸ்ஸியம்மா போக விடுகிறேன் என்கிறார். நான் கட்டிலில் இருந்து பெட்டியைப் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்ட வரியை என்னால் எழுத முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது. என் பிள்ளையை நான் ஞானஸ்நானத்தில் ஆண்டவரின் கையில் கொடுத்தவள். அவளுக்குப் பெறுமதி இல்லை என்று யாரிடமும் பொய் சொல்லி அவளைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஜெபிக்கிறேன். டொக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். கொதிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு வண்டிலைக் கோயிலடியில் நிறுத்தியதை மறக்க எனக்கு நாள் செல்லும்.

நேசமலர்

*

மிஷன் வளவு
14-1-1962

அன்புள்ள மச்சாள்,

முந்தநாள் எழுதியது தபாலில் போய்விட்டது. ஓடிப்போய்க் கேட்டேன், பை கட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் இதை முதலில் வாசியுங்கள்.

நேற்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. தவிட்டம்மாள் வந்து, “ஊமைச்சாமி, என்ன கதை?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல வந்தது. பிறகுதான், இரண்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெயர் என்ன பெயர் என்று எனக்கு உறைத்தது.

“எனக்கு முந்தி மூணு போச்சு. எங்கம்மா என்னை எதுத்த வீட்டுக்கு வித்துப்புட்டா. ஒரு படி தவிடு. அப்புறம்தான் சபையில சேந்தோம். பேரை மாத்துறியான்னு பாஸ்டர் கேட்டார். எங்கம்மா மாட்டேன்னுட்டா.”

“வித்ததுக்கு உனக்கு உன் அம்மாவில கோபம் இல்லையா?” என்றேன்.

“எதுக்கு? எனக்கு ரெண்டு அம்மா. கிறிஸ்மசுக்கு ரெண்டு பாவாடை. ஒருத்தி அடிச்சா இன்னொருத்தி வீட்டுல சோறு. உங்களுக்கு ஒண்ணுதானே, நீங்கதான் பாவம்.”

அவள் துணி துவைக்கப் போய்விட்டாள். நான் உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். முதல்முறை தவிட்டை மட்டும்தான் வாசித்திருக்கிறேன். விறாந்தையை வாசிக்கவில்லை. நீங்கள் யன்னலடியில் இருக்கிறீர்கள். “தாயோ” என்று கேட்டபோது ஓம் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. எனக்குப் பொய் சொல்லாத அதே வாயால் நர்சுக்கும் பொய் சொல்லாமல் வெளியே இருக்கிறீர்கள். உள்ளே பிள்ளை தனியே கிடக்கிறது.

தவிடு காய்ச்சலைக் குறைக்கும் என்று நான் நம்பவில்லை. நம்புவதாக எழுதினால் அது பொய். ஆனால் இது பொய் இல்லை:

நான், நேசமலர், என் மகள் கிருபாவை என் மச்சாள் கமலாசனிக்கு விற்றுவிட்டேன். ஒரு சுண்டு தவிட்டுக்கு. மனச் சம்மதத்தோடு.

இதைக் கொண்டுபோய் நர்சம்மாவுக்குக் காட்டுங்கள். உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் இருங்கள். யார் கேட்டாலும் தாய் என்று சொல்லுங்கள். பூசாரியார் கேட்டாலும், டொக்டர் கேட்டாலும், எங்கள் போதகர் வந்து கேட்டாலும்.

பெட்டியை இன்னும் அவிழ்க்கவில்லை. வா என்று நீங்கள் ஒரு சொல் எழுதினால் அடுத்த கப்பலில் நிற்பேன். உங்கள் சொல்லைத்தான் கேட்பேன், வேறு யாருடையதையும் இல்லை.

மலர்

*

உருத்திரபுரம்
27-1-62
பிள்ளையார் துணை

மலர்,

பிள்ளை வீட்டுக்கு வந்திட்டாள். இதை முதல் எழுதிப்போட்டன். இனி மெல்லமாய் வாசி.

உன்ரை ரண்டு கடிதமும் ஒண்டாய்த்தான் வந்தது. நீ சொன்னது எனக்கெப்பிடித் தெரியும், நான் திகதி பாத்துப் பழையதை முதல் வாசிச்சிட்டன். சரிதான், உனக்குக் கோபிக்க உரிமை இருக்குது எண்டு மடிச்சு வைச்சிட்டுத்தான் மற்றதைத் திறந்தன்.

அது வரேக்கை காய்ச்சல் விட்டு ரண்டு நாள். டொக்டரின்ரை மருந்துதான் விட்டது எண்டு தம்பி சொல்லுறார். இருக்கட்டும். உன்ரை வரி காய்ச்சலுக்கு வேலை செய்யேல்லை. கதிரைக்கு வேலை செய்தது. நர்சம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ திருப்பி ஒருக்கால் வாசிக்கச் சொன்னா. பிறகு தானே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்திலை வைச்சா. “இருங்கோ தாய்” எண்டா. அப்பிடி என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. பிள்ளை கண்ணைத் திறந்து பாத்துப்போட்டு, என்ரை சேலையைப் பிடிச்சபடி படுத்திட்டாள். வீடு வரும்வரைக்கும் நான் அந்தக் கதிரையை விட்டு அதிகம் எழும்பேல்லை.

கால் ஈர்க்கு மாதிரி. ஆனால் பசி வந்திட்டுது. புழுங்கலரிசிக் கஞ்சி குடிச்சிட்டு இன்னும் தா எண்டு கோப்பையைத் தட்டுறாள். தலைமயிர் கொட்டுது, அதுக்கும் டொக்டர் பயப்பிட வேண்டாம் எண்டார்.

நீ வரவேண்டாம். என்னைத்தானே கேட்டாய், நான் சொல்லுறன். பெட்டியை அவிழ். நெல்லு அரிவு வெட்டுத் தொடங்கப்போகுது, வரம்பிலை திரும்பவும் ஏணை கட்டுறாளவை. இராசேஸ்வரி ஆசுப்பத்திரிக்கு நாள் விட்டு நாள் கஞ்சி கொண்டுவந்தவள். “படிச்சது பாதியிலை நிண்டால் என்ரை பிள்ளை போனது போனதாய்ப் போயிடும்” எண்டவள். எனக்கு விளங்கேல்லை எண்டு நினைக்காதை.

இவ்வளவு நாளும் உன்னை நீர் எண்டு எழுதினனான். இப்ப நீ எண்டு வருது. மாத்தேல்லை.

கமலா மச்சாள்

*

மிஷன் வளவு
18-3-1962

அன்புள்ள மச்சாள்,

தவணை முடிந்துவிட்டது. நேற்று ஸ்தோத்திர ஆராதனை. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. போகிறவர்கள் தம் கையால் ஒரு விளையாட்டுச் சாமான் செய்து வளவுக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். நான் பனையோலையில் கிலுகிலுப்பை செய்தேன். நான் செய்தது குலுக்கினால் சத்தம் வரவில்லை. உள்ளே கல்லுப் போட மறந்துவிட்டேன். தவிட்டம்மாள், “தூங்குற பிள்ளைக்கு ஆகும்” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து யாருக்கு நன்றி என்று சொல்ல வேண்டும். சிலர் மிஸ்ஸியம்மாவுக்குச் சொன்னார்கள், சிலர் தங்கள் சபைக்கு. நான் எழுதிவைத்திருந்ததை வாசிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு சைவப் பெண் இருக்கிறார், வாய் பொல்லாதது, பொய் பேசத் தெரியாது, அவர் என் பிள்ளையோடு இருந்தபடியால்தான் நான் இங்கே இந்தப் பிள்ளைகளோடு இருந்தேன், அவருக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். உங்கள் பெயருக்கு மதுரைப் பக்கத்தில் ஐம்பது பேர் ஆமென் சொல்லியிருக்கிறார்கள். கோபிக்க வேண்டாம்.

எதைக் கற்றேன் என்று கேட்டால் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பேதிக்கு என்ன கஞ்சி, பல் முளைக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது, முப்பது பிள்ளைகளை எப்படி ஒரே நேரத்தில் தூங்கவைப்பது. பாட்டுகள் ஒரு கட்டு. வரும்போது நான் ஊருக்கு ஏதோ நல்லது செய்யப் போகிறேன் என்று நினைத்து வந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தாய் வயலில் நிற்கும்போது இன்னொரு பெண் பிள்ளையைத் தூக்குகிறாள். அவ்வளவுதான் வேலை. அதை நீங்கள் எனக்குச் செய்தீர்கள். நான் மற்றவர்களுக்குச் செய்ய வருகிறேன்.

போதகர் எழுதியிருக்கிறார். இடம் இருந்தால் மிஷன் என் சம்பளத்தை ஒரு வருசத்துக்குக் கொடுக்குமாம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், வயலுக்குக் கூப்பிடு தூரத்தில், நிழலான இடம் ஒன்று என் மனதில் நிற்கிறது. உங்கள் வண்டில் கொட்டில். கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன். என்னோடு அங்கே நிற்க ஒரு ஆளும் வேண்டும். அதையும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மூன்றாம் திகதி பின்னேரம் கிளிநொச்சிக்கு வருவேன். அதற்குமுன் ஒன்று தெரிய வேண்டும். கிருபா உங்களை அம்மா என்று கூப்பிடுகிறாளா? உங்கள் தம்பியிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கூப்பிட்டால் கூப்பிடட்டும், நான்தானே விற்றேன். ஆனால் ஸ்டேசனில் தெரிந்துகொள்வதைவிட இங்கே தெரிந்துகொள்வது நல்லது.

மலர்

*

உருத்திரபுரம்
25-3-62

மலர்,

கூப்பிடேல்லை. மாமி எண்டுதான் கூப்பிடுறாள், இப்ப முழுசாய் வருது. ஆசுப்பத்திரியாலை வந்து ஒருநாள் அம்மா எண்டாள். குசினிக்குள்ளை போய் நிண்டிட்டு வந்து, மாமி எண்டு சொல்லு எண்டன். அந்த மட்டிலை விடு, அதைப் பற்றி இனிக் கேளாதை.

விளக்கு வைச்சாப் போலை நீ அனுப்பின படத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போவன். “படம் பாப்பமோ” எண்டால் ஓடிவருவாள். இது ஆர், அம்மா, கப்பலிலை வருவா எண்டு சொல்லுவன். ஒவ்வொரு நாளும். காய்ச்சலுக்கு முந்தியும் பிந்தியும். கட்டத்திலை விரலை வைச்சு இழுப்பாள். அதாலை நீ அந்தச் சேலையையே உடுத்திக்கொண்டு இறங்கு. முகத்தை விடச் சேலையைத்தான் அவளுக்குத் தெரியும்.

இனி முறையைச் சொல்லுறன். வித்த பிள்ளையைத் தாய் தவிடு திருப்பிக் குடுத்து மீட்கலாம். பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது, நீயும் வாறாய். தம்பி வாங்கின தவிட்டை அண்டைக்கே மாடு திண்டிட்டுது. நீ புதுசாய் ஒரு சுண்டு கொண்டுவா. படலையிலை வைச்சிட்டுக் கூட்டிக்கொண்டு போ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.

ஸ்டேசனுக்கு நான் வரமாட்டன். என்னைக் கண்டால் அவள் உன்னட்டை வரமாட்டாள், அது உனக்கும் நல்லாய் இராது, எனக்கும் நல்லாய் இராது. அண்டைக்கு மத்தியானம் தம்பியோடை குவாட்டசுக்கு அனுப்பிவிடுறன். நீ தவிடு கொண்டு வாற நாளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடு. சிறுபோகத்துக்கு வரம்புப் புல்லுச் செருக்கிற வேலை கிடக்குது, நான் வயலுக்குப் போயிடுவன்.

கொட்டிலைப் பற்றிப் பிறகு பாப்பம். அதுக்குள்ளை வண்டில் நிக்குது.

கமலா மச்சாள்

*

குவாட்டஸ், கிளிநொச்சி
3-4-1962, பொழுதுபட

அன்புள்ள மச்சாள்,

வீரகத்தி அண்ணை உப்பு வாங்க வந்தாராம், இங்கேயும் எட்டிப் பார்த்தார். நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அவரை நிற்கச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். ஸ்டேசனில் நடந்தது உங்களுக்கு இன்றைக்கே தெரிய வேண்டும்.

கட்டம் போட்ட சேலைதான். கப்பலிலும் ரயிலிலும் கசங்கிப்போய்விட்டது. உங்கள் தம்பி அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். மெலிந்துதான் இருக்கிறாள். மயிர் முளைத்துக் கோழிக்குஞ்சு மாதிரி. நான் தூக்கப் போகவில்லை. அங்கே ஐந்து மாதம் அதைத்தானே படித்தேன். பிளாட்போமில் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். ஸ்டேசன் மாஸ்டர் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார்.

கிருபா தகப்பனின் தோளை விட்டு இறங்கினாள். கிட்டே வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, சேலையைப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் விரலை வைத்து, அந்தக் கரை வரைக்கும் இழுத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, “படம்” என்றாள்.

உங்கள் தம்பி, “படம் இல்லை, அம்மா” என்றார். “படம்” என்றாள் இன்னும் பலமாக. என் மடியில் ஏறி இருந்தாள். ஸ்டேசன் மாஸ்டரைப் பார்த்து, “படம் வந்திட்டு” என்று சொன்னாள்.

ஒரு நாளும் தவறாமல் ஒருவர் தூக்கிக்கொண்டு போய்க் காட்டாவிட்டால், அந்தச் சொல்லும் அவளுக்கு வந்திருக்காது. நான் வெறும் யாரோ ஒரு பெண். அழுதுகொண்டு தகப்பனிடம் ஓடியிருப்பாள். எனக்கு இப்போதைக்குப் படம் போதும். அம்மா மெல்ல வரட்டும்.

குவாட்டசுக்கு வந்து கஞ்சி குடித்தாள். இப்போது வாசலில் நின்று “மாமி எங்கை, மாமி எங்கை” என்று கேட்கிறாள். ஸ்டேசனில் நீங்கள் இல்லாதது அவளுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அழவில்லை. நிற்கிறாள். உங்கள் படலையில் நாலு நாள் நின்றதை நான் பார்க்கவில்லை. இதைப் பார்க்கிறேன்.

தவிட்டைப் பற்றி. நாளைக் காலையில் அவளோடு வருகிறோம். வெறுங்கையோடு வருகிறேன். தவிடு கொண்டுவரமாட்டேன், நாளைக்கும் இல்லை, அவள் கலியாணத்துக்கும் இல்லை. மனச் சம்மதத்தோடு என்று எழுதியவள் நான். பகலில் அவள் உங்கள் கொட்டிலில் மற்றப் பிள்ளைகளோடு இருப்பாள், நாம் இரண்டு பேரும் அங்கேதான் நிற்போம். இரவில் இங்கே படுப்பாள். எந்த இரவில் அங்கே படுக்க வேண்டும் என்று அவளே சொல்லட்டும். கொட்டிலில் வண்டில் நிற்கிறது என்று எழுதினீர்கள். வண்டில் வெயிலில் நின்றால் காய்ச்சல் வராது.

முன்கூட்டிச் சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன்.

மலர்

*

உருத்திரபுரம்
அண்டைக்கே, விளக்கு வைச்சு

மலர்,

இவர் உப்பை அங்கையே மறந்துபோட்டு வந்திட்டார். வரேக்கை கொண்டுவா.

கடிதத்தை வாசிச்சன். இவர் தானும் வாசிக்கவேணும் எண்டார், குடுக்கேல்லை. தவிடு கொண்டு வராதது நல்லது, கொண்டுவந்தாலும் மாடுதான் திண்டிருக்கும்.

வண்டிலை வேப்பமரத்துக்குக் கீழை இழுத்து விட்டாச்சு. கொட்டில் கூட்டியாச்சு. கூரை வளையிலை எத்தினை ஏணை தாங்கும் எண்டு இவர் தொங்கிப் பாத்தவர், வளை தாங்கும், இவர்தான் விழுந்தவர். இராசேஸ்வரிக்குச் சொல்லிவிட்டன், சாணி கரைச்சுக்கொண்டு விடிய மெழுக வாறாள்.

பிள்ளைக்குக் காதை மூடிக் கட்டிக்கொண்டு வா, விடியக் குளிரும். வெயில் ஏற முந்தி வா.

நான் வயலுக்குப் போகேல்லை.

கமலா மச்சாள்